கல்லில் பூத்ததற்குக் கல் பொறுப்பில்லை

“அங்கன கல்லுல கூடப் பூப்பூக்குது தம்பி. நம்மூருல மண்ணுலயே ஒண்ணையும் காணோம்.”

கானாடுகாத்தானில் ஒரு மணிவிழா வீடு. பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், உறவில் அண்ணன் முறையாகும் ஒருவர் சொன்னது இது. சுவிட்சர்லாந்து போய்வந்த சூடு அவருக்கு இன்னும் ஆறவில்லை. கைபேசியில் ஒரு படத்தை வருவோர் போவோரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். சாம்பல் நிறப் பாறை. அதன் இடுக்கில் இரண்டு கையகலத்துக்கு ஒரு பச்சைத் திண்டு. பச்சையே தெரியாத அளவுக்கு அதன் மேல் இளஞ்சிவப்புப் பூக்கள். பார்த்தவர்கள் எல்லாரும் அதிசயப்பட்டார்கள், நானும்தான். படத்தில் குறை ஒன்றுமில்லை. அவர் சொன்ன அந்த இரண்டாவது வாக்கியம்தான், பந்தி முடிந்து கவுனி அரிசியும் வெள்ளைப் பணியாரமும் செரித்த பிறகும் செரிக்காமல் கிடந்தது.

இந்தப் பேச்சு எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துக்குப் புதிதில்லை. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து பளிங்கு, பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி என்று கப்பலில் வரவழைத்து வீடு கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். நல்ல சரக்கு என்றால் கடல் தாண்டி வந்தால்தான் மதிப்பு. ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் மணலும் சிமெண்டும் சாயமும் சேர்த்து, கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வார்க்கிற தரைக்கல் அது. அதைப் பெயர்த்துப் போட்டுவிட்டு வழவழவென்று கடைக்கல் பதித்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் நமக்கே அதன் மேல் ஒரு மரியாதை வந்தது. செடிகொடிக்கு அந்த மரியாதை இன்னும் வந்து சேரவில்லை. சீமைக்கருவேலமும் தைலமரமும் போக மிச்சமெல்லாம் எங்களுக்கு ‘புதர்’தான்.

சரி, அண்ணனின் படத்துக்கு வருவோம். அந்தச் செடியின் பெயர் சைலீன் அகாலிஸ். ஆல்ப்ஸ், பைரனீஸ், ஸ்காண்டிநேவிய மலைகள், ஐஸ்லாந்து, கிரீன்லாந்து, அலாஸ்கா, அமெரிக்காவின் ராக்கி மலைகள் என்று வடதுருவத்தைச் சுற்றி ஒரு வளையமாகப் பரவிக் கிடக்கிறது. மரம் வளர்வது நின்றுபோகும் உயரத்துக்கு மேலே, அல்லது மரமே வளராத வடக்கில்தான் அதற்கு வாசம். குடும்பம், நம் கல்யாண மேடைகளில் அடுக்கடுக்காகக் குத்தி வைக்கிற கார்னேஷன் பூவின் குடும்பம். அன்றைக்கு அண்ணன் சாய்ந்து நின்ற மேடையிலேயே அதன் பங்காளிகள் ஐந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். அது அவருக்கும் தெரியாது, அப்போது எனக்கும் தெரியாது.

ஒரு கூரை, பல அடுப்பு

மகள் வேலை நிமித்தம் அந்தத் தேசத்தில் இருப்பதால், ஒரு ஜூலை மாதம் நேரிலேயே பார்க்க வாய்த்தது. எல்லாரும் போகிற யுங்ஃபிராவ் பனிச்சிகரத்துக்கு நாங்களும் போனோம், குளிரில் நடுங்கினோம், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு வேண்டியது அதற்கு எதிரே இருந்த ஷினிகே பிளாட்டே. இன்டர்லாக்கனை ஒட்டிய வில்டர்ஸ்வில் என்ற ஊரிலிருந்து பல்சக்கர ரயில் ஒன்று ஏறுகிறது. 1893இல் ஓடத் தொடங்கிய பாதை. ஏழு கிலோமீட்டரை ஏற முக்கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும், நம் பாசஞ்சர் வண்டியே தேவலாம். 1,967 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடுகிறது. நிலையத்தின் பக்கத்திலேயே மலைச் செடிகளுக்கென்று ஒரு தோட்டம், ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை. தோட்டத்துக்குள் பாதையை விட்டு இறங்கக் கூடாது. தோட்டத்தைத் தாண்டி மலைமுகட்டில் போகிற நடைபாதையின் ஓரத்தில், யாரும் பலகை வைக்காத இடத்தில், அதே செடி இருந்தது.

படத்தில் பார்த்தபோது அது பாசியா செடியா என்றே சந்தேகம். பக்கத்தில் போனால்தான் தெரிகிறது, ஊசி ஊசியாக இலைகள். ஒரு சென்டிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டர் அகலம், ஓரத்தில் மெல்லிய மயிர். தண்டு என்று தனியாக ஒன்று கண்ணில் படுவதேயில்லை. குட்டைக் கிளைகள் நெருக்கியடித்து நிற்க, ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் இலைக்கொத்து. கொத்துக்கு ஒரு பூ. ஐந்து இதழ், இதழின் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. பூவைத் தாங்கும் குழலில் செம்மை ஓடியிருந்தது. இந்த நூற்றுக்கணக்கான கொத்துகளுக்கும் சேர்த்துக் கீழே இருப்பது ஒரே ஆணிவேர். பாறை இடுக்கில் அது ஒரு மீட்டருக்கு மேலும் இறங்கும். எங்கள் வீடுகளில் வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும், ஓர் உள்வீடு, தனி அடுப்பு, தனிக் கணக்கு இருக்கும். கூரையும் வாசலும் மட்டும் பொது. இந்தச் செடி கட்டியிருப்பதும் அப்படி ஒரு வீடுதான்.

அந்த முகட்டில் காற்று சட்டையைக் கிழிக்கிற மாதிரி அடித்தது. மகள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பாதையோரம் குப்புறப் படுத்து, பூ நசுங்காத இடமாகப் பார்த்து உள்ளங்கையை மெதுவாக அந்தத் திண்டின் மேல் வைத்தேன். “அப்பச்சி, எந்திரிங்க, எல்லாரும் பாக்குறாங்க” என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. காரணம், திண்டு வெதுவெதுப்பாக இருந்தது. விரலைக் கொஞ்சம் உயர்த்தினால் குளிர்காற்று, இறக்கினால் இளஞ்சூடு.

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். வெயில் அடிக்கிற நேரத்தில் இந்தத் திண்டு சுற்றியிருக்கும் காற்றைவிடப் பத்து டிகிரி செல்சியஸுக்கு மேலும் சூடேறும். கவிழ்த்த கிண்ணமாக இருப்பதால் காற்று மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும், உள்ளே நுழைவது கொஞ்சம்தான். இலைகளுக்கு நடுவே மாட்டிய காற்று அசையாமல் நின்று வெயிலின் சூட்டைப் பிடித்து வைக்கும். உதிர வேண்டிய பழைய இலைகள் உதிராமல் உள்ளேயே காய்ந்து மக்கி, தண்ணீரைப் பிடித்து வைக்கிற ஒரு மண்ணாகிவிடும். அதாவது இந்தச் செடிக்கு வேண்டிய மண்ணில் ஒரு பங்கை இந்தச் செடியே செய்துகொள்கிறது, பருவநிலையில் ஒரு பங்கையும் தானே செய்துகொள்கிறது. பாறை கொடுத்தது ஓர் இடுக்கு மட்டும்.

நான் கை வைத்த திண்டுக்குள்ளேயே வேறொரு புல்லும், இன்னும் ஏதோ ஒரு சிறு செடியும் தலைநீட்டிக்கொண்டிருந்தன. அதுவும் தெரிந்த விஷயம்தானாம். வெட்டவெளியில் பிழைக்கத் திணறும் விதைகள் இந்தத் திண்டின் ஈரத்திலும் சூட்டிலும் விழுந்து முளைக்கும். அதனால் திண்டுக்குக் கொஞ்சம் நஷ்டமும் உண்டு, குடிவந்தவர்களும் அதே தண்ணீரைத்தானே குடிக்க வேண்டும்.

இன்னொன்றையும் அங்கேதான் கவனித்தேன். ஒரு திண்டில் தெற்குப் பார்த்த பாதி முழுக்கப் பூத்திருக்க, வடக்குப் பாதியில் மொட்டுதான் இருந்தது. அந்த அட்சரேகையில் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்தே போவதால், சூடு பிடிக்கிற பக்கம் முதலில் பூக்கிறது. திசை தெரியாமல் தவிப்பவர்கள் இதைப் பார்த்துத் தெற்கைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்கள். காரைக்குடியில் இந்த வித்தை பலிக்காது. சித்திரையில் நம் உச்சந்தலைக்கு நேர் மேலேயே வந்து நிற்கிறவருக்குத் தெற்கென்ன, வடக்கென்ன!

படத்தில் தெரியாத வருஷங்கள்

அண்ணனின் வாக்கியத்தில் எனக்கு உறுத்தியது என்ன என்பது மலையிலிருந்து இறங்கும்போதுதான் பிடிபட்டது. அந்தப் பூவுக்கான பெருமையை அவர் இடத்துக்குக் கொடுத்துவிட்டார். குளிர்தேசம், பணக்காரத் தேசம், அங்கே கல்லுக்குக்கூட மனசு இளகியிருக்கிறது என்கிற மாதிரி. நடந்தது அதற்கு நேர்மாறு. ஆல்ப்ஸ் உச்சியில் ஒரு செடிக்கு வளரக் கிடைப்பது வருஷத்தில் இரண்டு, மூன்று மாதம். மற்ற நாளெல்லாம் பனி. பனி என்றால் தண்ணீர்தானே என்று தோன்றும். உறைந்த தண்ணீரை வேர் குடிக்க முடியாது. மேலே வெயில் காய்ந்து, காற்று இலையிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும், கீழே வேர் இறுகிய நிலத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். சுற்றிலும் பனி குவிந்து கிடக்க, நடுவே ஒரு செடி தாகத்தில் சாகலாம். அது வறட்சிதான். பங்குனியில் எங்கள் செம்புறாங்கல் பொட்டல் காண்கிற அதே வறட்சி, சட்டை மட்டும் வேறு.

அந்த வறட்சியைச் சமாளிக்க சைலீன் எடுத்த வழி அவசரப்படாமல் இருப்பது. முளைத்து ஐந்து வருஷத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலம் தாண்டினால் பெரிது. முதல் பூ பூக்கப் பத்து வருஷம் ஆகலாம். அதுவரை கிடைத்ததையெல்லாம் வேருக்குள் போட்டுக்கொண்டே இருக்கும். அலாஸ்காவின் ரேங்கல் மலைப் பகுதியில் செய்து 1998இல் வெளியான ஓர் ஆய்வு, பெரிய திண்டுகளின் வயது 300 ஆண்டுக்கு மேல் இருக்கும் என்று கணக்கிட்டது. அண்ணன் கைபேசியில் தட்டிய அந்தத் திண்டுக்கு அத்தனை வயது இருக்காது. ஆனாலும் இரண்டு கையகலம் என்றால், அவர் பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்தில் அதுவும் எங்கோ பாறை இடுக்கில் நகமளவுக்கு இருந்திருக்கும்.

இந்தச் செடியில் எல்லாமே ஒரே மாதிரி இல்லை என்பதும் கேட்கச் சுவையானது. சில திண்டுகளின் பூக்களில் மகரந்தமும் சூலகமும் இரண்டும் இருக்கும். சில திண்டுகளின் பூக்களில் மகரந்தம் உருப்படியாக இருக்காது, அவை பெண் செடிகள். தேனீ, வண்ணத்துப்பூச்சி, ஈ என்று யாராவது பக்கத்துத் திண்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தால்தான் அவற்றுக்குக் காய். கைமுதல் இல்லாத இந்தப் பெண் செடிகள்தான் அதிகம் விதை கட்டுகின்றன. மகரந்தம் செய்கிற செலவு மிச்சமல்லவா.

இன்னொரு சைலீன் இனத்தின் கதை இதைவிடப் பெரிது. சைபீரியாவின் நிரந்தர உறைநிலத்தில், ஒரு பழங்கால அணில் வளையில், சைலீன் ஸ்டெனோஃபில்லா என்ற செடியின் காய்கள் கிடைத்தன. ஏறத்தாழ 32,000 ஆண்டுப் பழசு. ரஷ்ய விஞ்ஞானிகள் அந்தக் காயின் திசுவிலிருந்து செடிகளை வளர்த்துப் பூக்கவும் வைத்து 2012இல் அறிவித்தார்கள். காத்திருப்பது இந்தக் குலத்துக்குக் கைவந்த கலை போலும்.

ஆனால் அதற்கும் ஓர் எல்லை தெரிய ஆரம்பித்திருக்கிறது. அலாஸ்காவின் வடக்கிலிருந்து ராக்கி மலைகளின் தென்கோடி வரை சைலீனைப் பல வருஷம் எண்ணிப் பார்த்த இருவர் 2010இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். தெற்கே, வெப்பம் கூடிய இடங்களில் செடிகள் அதிகம் சாகின்றன, பிழைத்தவை வேகமாக வளர்ந்து அந்த நஷ்டத்தை ஈடுகட்டுகின்றன. வெப்பம் இன்னும் ஏறி ஓர் அளவைத் தாண்டினால் சாவும் கூடும், வளர்ச்சியும் குறையும், ஈடுகட்ட ஆளிருக்காது என்பது அவர்கள் சொன்னதன் சாரம். மலைச்செடிக்கு மேலே ஏறித் தப்பிக்கவும் ஓர் அளவுதான். உச்சிக்கு மேல் ஆகாயம்.

பொட்டலில் குனிந்தபோது

ஊருக்குத் திரும்பிய பிறகு இந்தக் கதையை ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவரிடம் அளந்துகொண்டிருந்தேன். கேட்டுவிட்டு, “அந்தக் குடும்பத்து ஆளு இங்கேயே இருக்கே செட்டியாரே, பாத்ததில்லையா?” என்றார். மார்கழியில் ஒருநாள் காலையில் ஆத்தங்குடி போகும் வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் செம்புறாங்கல் துருத்திக்கொண்டு நிற்கும் பொட்டல். ஆடு மேய்ந்த மிச்சம். நான் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் சின்ன வயசிலிருந்து தாண்டிப் போன இடம்.

அவர் குனிந்து காட்டியது ஒரு சாண் உயரச் செடி. ஒரே வேரிலிருந்து நாலைந்து மெல்லிய தண்டுகள் குத்தாகக் கிளம்பியிருந்தன. கணுவுக்குக் கணு குறுகிய இலைகள் வட்டமாக நின்றன. உச்சியில் வெள்ளியில் செய்த மாதிரி காய்ந்த பூங்கொத்து, விரலால் தொட்டால் காகிதச் சத்தம். அதைக் காய்ந்த புல் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருப்பேன். பாலிகார்பியா கோரிம்போசா என்று பெயர் சொன்னார். வெள்ளியாக மின்னியது இதழ் இல்லை, புல்லிவட்டம். இதழ்கள் அதற்குள்ளே ஒளிந்துகொண்டிருக்கும் ஐந்து துணுக்குகள்.

“குடும்பம் அதேதான்னு எப்படிச் சொல்றீங்க சார்?” என்றேன். பையிலிருந்து பிளேடும் லென்சும் எடுத்தார். கடுகளவுச் சூலகத்தை வெட்டிக் காட்டினார். உள்ளே தடுப்புச் சுவர் இல்லாத ஒரே அறை, நடுவில் ஒரு தூண், தூணைச் சுற்றி விதைகள். கார்னேஷன் குடும்பத்தின் பொது அடையாளம் இது என்றார். அங்கே காற்றில் குப்புறக் கிடந்தபோது என் உள்ளங்கையில் பட்ட வெதுவெதுப்பைவிட, இந்தச் சின்னத் தூண்தான் என்னை அசைத்தது என்பேன். ஏழெட்டு ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போய்ப் படுத்துக் கிடந்து பார்த்த வீட்டின் உறவு, என் ஊர் ரோட்டோரத்தில் ஆட்டுக்குத் தப்பி நின்றிருக்கிறது.

அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. கொஞ்சம் விரிந்த உறவுமுறையில் பார்த்தால், பொங்கலுக்கு நிலையில் செருகும் சிறுபீளை, கீரைக்காரம்மா கொண்டுவரும் மூக்கிரட்டை, மழைக்குப் பின் காலியிடமெல்லாம் படரும் சாரணை, பருப்புக்கீரை, சப்பாத்திக்கள்ளி எல்லாம் ஒரே வரிசையில் வருமாம். அந்த வரிசைக்குள் ஒரு வேடிக்கை. கானாடுகாத்தான் வீட்டுச் சுவர்களில் தொங்குகிற காகிதப்பூவின் சிவப்பும் பீட்ரூட்டின் சிவப்பும் பீட்டலெய்ன் என்ற சாயம். சைலீனின் இளஞ்சிவப்பும் கார்னேஷனின் சிவப்பும் ஆந்தோசயனின். உலகத்தின் மற்ற பூக்களில் பெரும்பாலானவை பயன்படுத்துவது இரண்டாவதைத்தான். ஒரே செடியில் இரண்டு சாயமும் இருந்ததாக இயற்கையில் யாரும் கண்டதில்லை. பங்காளிகள் சண்டை போட்டுச் சொத்தைப் பிரித்த கதை இங்கேயும் உண்டு என்று அவர் சிரித்தார்.

ரோட்டோரத்திலேயே நின்று கொஞ்ச நேரம் வாதாடினோம். எனக்குத் தோன்றியது இது. நெருக்கடி இரண்டு பக்கமும் ஒன்று. வருஷத்தில் சில மாதம்தான் தண்ணீர், மிச்சமெல்லாம் காய்ச்சல். மலையில் இருப்பது நூறு வருஷத் திட்டம் போட்டது. பொட்டலில் இருப்பவற்றில் பல ஒரே பருவத்தில் கணக்கை முடிக்கின்றன. ஐப்பசி மழைக்கு முளைத்து, தை பிறக்குமுன் விதையாகி, மாசி வெயில் ஏறும்போது ஆளே இல்லை. அவர் இதை முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. “உசரத்திலேயும் ஒரே வருஷத்துல முடிக்கிற செடி உண்டு, ஆனா கொஞ்சம். இங்கேயும் கிழங்கை வெச்சுக்கிட்டு வருஷக்கணக்கா தூங்குறது உண்டு. ரெண்டாப் பிரிச்சா எல்லாத்துக்கும் சௌகரியமாத்தான் இருக்கும்” என்றார். அவர் சொல்வது நியாயம். இருந்தாலும் நம் பொட்டல் வெறுமையாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம் என்றே இப்போதும் நினைக்கிறேன். பங்குனியில் வந்து பார்த்துவிட்டு ஒன்றையும் காணோம் என்றால், ஜனவரியில் ஷினிகே பிளாட்டே போய் அங்கே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை என்று திரும்பலாம்.

திண்டு கட்டி வாழ்வது சைலீன் கண்டுபிடித்த ரகசியமும் இல்லை. உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குடும்பங்களிலிருந்து, தனித்தனியாக இந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. லடாக்கில் ஐயாயிரம் மீட்டருக்கு மேலே தைலகோஸ்பெர்மம் என்று ஒன்று, இதே கார்னேஷன் குடும்பம், மலைச்சரிவில் பச்சைப் பாறாங்கல்லாகவே உட்கார்ந்திருக்கும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் யரேட்டா. அது நம் அடுப்படிக் குடும்பம். மல்லியும் சீரகமும் சோம்பும் எந்த வீட்டுப் பிள்ளைகளோ அதே வீடு. இந்த மூன்றும் இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு குழம்பு கொதிக்காது. அந்த வீட்டில் ஒருவர் நாலாயிரம் மீட்டர் உயரத்தில் ஏறி உட்கார்ந்து, ஏறி நின்றாலும் அமுங்காத அளவுக்கு இறுகிப்போயிருக்கிறார்.

போக நினைக்கிறவர்களுக்கு: ஷினிகே பிளாட்டே ரயில் கோடைக்காலத்தில் மட்டும்தான் ஓடும், அக்டோபரில் நிறுத்திவிடுவார்கள். சைலீன் பூப்பதைப் பார்க்க ஜூன் கடைசி, ஜூலை சரியான நேரம். தோட்டத்துக்குள் பறிக்காதீர்கள், மிதிக்காதீர்கள், கை வைக்கத் தோன்றினால் வெளிப்பாதைக்கு வாருங்கள். எங்கள் பக்கத்துக்கு வருவதென்றால் மார்கழி, தை. காலை ஒன்பது மணிக்குள் பொட்டலில் இறங்கிவிடுங்கள், ஒரு கைலென்ஸ் இருந்தால் நல்லது. செருப்பு மட்டும் அடி தடித்ததாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், எங்கள் ஊர் நெருஞ்சி ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும்.